வெயிலில் போகாத சாயம்

மருதமுனையில், கடலுக்கு மூன்று தெரு மேற்கே
இஸ்மாலெவ்வையின் சாயப்பட்டறை.
வாசற் பலகையில் சிவப்பில் நான்கு சொற்கள்:
எங்கள் சாயம் வெயிலில் போகாது.
கீழே அவருடைய கைபேசி இலக்கம்.

நான் வந்திருப்பது
அந்தச் சாயத்தை வெயிலில் போக்க.

அதை எப்படிச் சொல்வதென்று
சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன்.
மடியில் மூடி போட்ட வாளி.
உள்ளே ஆலை உமி எரிந்த சாம்பல்,
சாம்பலின் கண்ணுக்குத் தெரியாத பொந்துகளில்
தைத்தானிய வெள்ளைப் பொடி.
பொடியைத் தனியே விட்டால்
கழுவிய தண்ணீரோடு அதுவும் ஓடிவிடும்.
கல்முனைச் சந்தையில் பிள்ளையின் மணிக்கட்டைப்
பிடிக்கிற மாதிரிப்
பிடித்து வைத்திருக்கிறது சாம்பல்.

சொன்னேன். சிரித்தார்.
"இருபத்தாறு வருசம் போகாதது
உன்ட சாம்பலுக்கா போகப்போகுது?
போக்கிக் காட்டு புள்ள, போர்டைக் கழட்டுறன்."

பின்வளவு ஜெஸீமா சிரிக்கவில்லை.
கொடியிலிருந்து மகனின் தொழுகைத் தொப்பியை
எடுத்து வந்து நீட்டினாள்.
வெள்ளைத் தொப்பி.
அவளுடைய கிணற்றில் நான்கு முறை அலசியதில்
முரசு நிறம்.

மொட்டைமாடியில் மூன்று சாடிகள்.
ஒன்றில் கழிவுநீர் மட்டும்.
ஒன்றில் கழிவுநீரும் பொடியும்.
மூன்றாவதிலும் பொடிதான், ஆனால்
அவருடைய கறுப்புச் சாரமொன்றைச் சுற்றி
அதற்கு மட்டும் இரவாக்கினேன்.

பத்து மணி. ஒன்றுமில்லை.
தறிச்சத்தம் கீழே, காகம் மேலே.
வெயில் பொடியைத் தொடும்போது
ஒரு இலத்திரன் துள்ளி எழுகிறது,
எழுந்த இடம் வெறுமையாகிறது,
அந்த வெறுமைக்குப் பசி,
பக்கத்துத் தண்ணீரைக் கடிக்கிறது,
கடிபட்ட தண்ணீர் சாயத்தைக் கடிக்கிறது.
இதெல்லாம் நடப்பதாக நான் நம்பிக்கொண்டு
குடைக்குக் கீழே வியர்த்தேன்.

பதினொன்றரைக்கு மாதுளை.
லுஹர் பாங்கு சொல்ல, நோன்புப் பெருநாள் சர்பத்.
இரண்டரைக்கு, சர்பத் குடித்து முடித்த கிளாஸ்
கழுவிய தண்ணீர்.
நாலு மணிக்குச் சாடிக்கு அப்பால்
பள்ளி மினாரா தலைகீழாகத் தெரிந்தது.

பொடியில்லாத சாடி அப்படியே சிவந்து நின்றது,
பலகை சொன்ன சொல் தவறாமல்.

மூன்றாவதின் சாரத்தை அவிழ்த்தேன்.
அதுவும் பாதி வெளுத்திருந்தது.

"இருட்டிலயும் வேல செய்யுது!"
தறிக்காரர் இருவர் கைதட்டினார்கள்.
நான்தான் தட்டவில்லை.
இருட்டில் சாயம் சாகவில்லை.
சாம்பலின் பொந்துகளில் போய் ஒளிந்திருக்கிறது.
அடியில் படிந்ததை எடுத்து
மதுசாரத்தில் அலசிக் காட்டினேன்.
கள்ளன் வெளியே வந்தான், சிவக்கச் சிவக்க.

"அப்ப வெயில்ல வச்சது?" என்றார் இஸ்மாலெவ்வை.
அவர் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன்.
அதையும் அலசினேன்.
வந்தது. மெல்லியதாக,
பொய் சொன்னவரின் காதுமடல் அளவுக்கு.

"குடிக்கலாமா?" ஜெஸீமா.
இல்லை.
"தொப்பி கழுவலாமா?"
இன்னும் இல்லை. நிறம் போனதைத்தான் பார்த்தோம்.
உப்பு இருக்கிறது. உடைந்த துண்டுகள் என்னென்னவோ,
ஆய்வுகூடம் சொல்லவேண்டும்.
அவள் தொப்பியை மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவர் கேட்டார்:
"மாரியில என்ன செய்வாய்?
கார்த்திகை பிறந்தா ரெண்டு மாசம்
சூரியன் எங்கட பக்கம் எட்டியும் பாக்காது.
பெருநாள் ஓடர் அப்பதான் வரும்."

என் கொப்பியில் எல்லாம் ஆங்கிலத்தில்.
அதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதினேன்.
மாரியில என்ன செய்வாய்.

போர்டைக் கழற்றவில்லை அவர்.
கழற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை.
பஸ்ஸின் மேற்குப் பக்க யன்னலில் கையை நீட்டி
நகங்களைப் பார்த்தேன். பத்தும் சிவப்பு.
காரைதீவு தாண்டியும் வெயில் விழுந்துகொண்டிருந்தது.
பத்தும் சிவப்பு.